வீடு மாறிய டொமைன்

வணிகவியலில் 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. தமிழ்வழிப் புத்தகங்களில் 'நற்பெயர்' என்று இருக்கும். கையால் தொட முடியாது, ஆனாலும் இருப்புநிலைக் குறிப்பில் இடம் பிடித்துவிடும். சொந்த டொமைன் வைத்திருப்பவரின் நற்பெயர் முழுக்க அந்தப் பெயரில்தான் இருக்கிறது: மற்றவர்கள் வருடக்கணக்காகக் கொடுத்த சுட்டிகள், தேடுபொறியில் கிடைத்த இடம், விசிட்டிங் கார்டில் அச்சடித்த மின்னஞ்சல். அதனால்தான் ஒரு சேவையை விட்டு இன்னொன்றுக்குப் போனதும் தளம் திறக்கவில்லை என்றால் பதறிப் போகிறார்கள்.

பதறியவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "48 மணி நேரம் பொறுங்கள், உலகம் முழுக்கப் பரவ வேண்டும்" என்பது. பல நேரம் இது தட்டிக்கழிக்கும் பதில்! டிஎன்எஸ் எங்கும் தானாகப் பரவுவதில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த இந்த முறையில், கேட்டால்தான் பதில். அந்தப் பதிலை இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் கணினி, டிடிஎல் என்ற கெடு முடியும்வரை நினைவில் வைத்திருக்கும். கெடு 3600 நொடி என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். மாறுவதற்கு முந்தைய நாளே 300 ஆகக் குறைத்து வைப்பது நல்லது. மாறிய பிறகு குறைத்துப் பயனில்லை. கெடு முடிந்தும் சரியாகவில்லையா? எங்கோ ஒரு பழைய பதிவு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிளாகரை விட்டு சொந்த வழங்கிக்கு மாறுபவரின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். பிளாகரில் டொமைனை இணைத்தபோது, முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்த பெயருக்கு ஒரு சி-நேம் பதிவு போட்டிருப்பார். டபிள்யூ இல்லாத வெறும் பெயருக்கு சி-நேம் போட முடியாது. அங்கே வேறு பதிவுகள் கட்டாயம் இருக்க வேண்டும், சி-நேமோ யாருடனும் சேர்ந்து குடியிருக்காது. ஆகவே அதற்கு 216.239.32.21-ல் தொடங்கி நான்கு ஏ பதிவுகள். இப்போது புது வழங்கியின் எண்ணை ஐந்தாவதாகச் சேர்த்துவிட்டு, பழைய நான்கை அழிக்க மறந்துவிடுகிறார். ஐந்தும் மாறி மாறிக் கிடைப்பதால் தளம் ஒரு சமயம் திறக்கும், இன்னொரு சமயம் கூகுளின் 404 பக்கம் வரும். "எனக்கு வருதே" என்று ஒரு நண்பர், "எனக்கு வரலையே" என்று இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மைதான்.

பிராட்பேண்டில் சரியாக வந்து மொபைலில் மட்டும் பழைய இடத்துக்குப் போனால், ஐபிவி6-க்கான நான்கு-ஏ பதிவைப் பார்க்க வேண்டும். இன்றைய மொபைல் இணைப்புகள் பெரும்பாலும் அதைத்தான் முதலில் பிடிக்கின்றன. ஒரே ஓர் உலாவியில் மட்டும் தகராறு என்றால், அது பழைய 301 திருப்பிவிடலை நினைவில் வைத்திருக்கலாம். வேறு உலாவியில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய குழப்பம், எந்த இடத்தில் திருத்துவது என்பதுதான். டொமைன் வாங்கியது ஒரு நிறுவனத்தில், நேம்சர்வர் இன்னொரு நிறுவனத்தில் இருக்கும். வாங்கிய இடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பதிவுகளைத் திருத்துவார்கள், அந்தப் பக்கத்தை உலகத்தில் யாருமே படிப்பதில்லை! விண்டோஸில் என்எஸ்லுக்அப் கட்டளை கொடுத்து நேம்சர்வர் யார் என்று முதலில் கேட்டுக்கொண்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

நேம்சர்வரையே மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய பதிவுகள் கூடவே வராது. தளம் அழகாகத் திறக்கும், ஆனால் எம்எக்ஸ் பதிவு இல்லாததால் கடிதங்கள் வராது. கடிதம் வரவில்லை என்பதைக் கவனிக்கவே சில நாள் ஆகும். ஆகவே மாற்றும் முன்பே பழைய பட்டியல் முழுவதையும் ஒரு நோட்பேடில் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி. எப்போதோ சோதனைக்காகத் திறந்த துணைப்பெயர் ஒன்றின் சி-நேம் இன்னும் பழைய சேவையைக் காட்டிக்கொண்டிருக்கும். அங்கே கணக்கை மூடியாயிற்று, அந்த இடம் காலி. சில சேவைகளில் வேறு யாராவது கணக்குத் தொடங்கி அதே பெயரைத் தனதென்று சேர்த்துக்கொள்ள முடியும். பிறகு இவருடைய பெயரில் போலி உள்நுழைவுப் பக்கம்கூட வைக்கலாம். அந்த ஒரு வரியை அழிக்க அரை நிமிடம் போதும்.