படி போட்ட புண்ணியவான்

செய்யூர் கந்தசாமி கோயிலைச் சுற்றுகிற அம்மா, சென்னைக்குப் போகும் வழியில் பரங்கிமலையைப் பார்த்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அப்பாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மலையேறி வருவதாக மாதாவிடம் வேண்டுதல். முடிந்தது. ஆனால் அம்மாவுக்கு மூட்டுவலி!

"மேலே வரைக்கும் ரோடு இருக்கும்மா. ஆட்டோவிலேயே போயிடலாம்."

"வேண்டிக்கிட்டது நானா, ஆட்டோவா?"

படியேறினோம். வழி நெடுக சிலுவைப்பாதை நிலைகள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து ஒரு 'உஸ்...'

சாந்தோம் சர்ச் மாதிரி வானத்தைக் குத்தும் ஊசிக்கோபுரத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இது 1523-ல் போர்ச்சுகீசியர் கட்டிய அடக்கமான கோயில். பீடத்தில் ஒரு கற்சிலுவை. அதைச் சுற்றிப் பழைய பாரசீகத்து பஹ்லவி எழுத்துகள். 1547-ல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்ததாம்.

சரி, படிகள்? அவை 1726-ல் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி போட்டவை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலமும் கட்டினார். அதோடு விடவில்லை மனுஷன். பாலத்தையும் படிகளையும் பழுதுபார்க்கப் பணமும் ஒதுக்கிவிட்டுத்தான் 1751-ல் கண்ணை மூடினார். அந்தப் பாலம் போய், இன்று அங்கே மறைமலையடிகள் பாலம்.

அம்மாவிடம் சொன்னேன்.

"சாமிக்குக் கோயில் கட்ட நிறைய பேர் வருவாங்கடா. ஏறி வர்றவன் காலை யார் நினைச்சுப் பார்க்கிறா? பேர் என்ன சொன்னே?"

"உஸ்கான்."

"அட, வழியெல்லாம் பாதிப் பேரைச் சொல்லிக்கிட்டுத்தானே வந்திருக்கேன்!"

அவர் பேரில் இன்னொரு மெழுகுவத்தி ஏற்றினாள்.