அம்பெய்வோர் பாடத்தில் ஒரு மஸ்அலா

ஃபிக்ஹுக் கலை பயிலும் மாணவர் விரைந்து கடந்துவிட விரும்பும் பாடங்கள் சில உள. முஸாபகா, முனாளலா என்னும் பாடம் அவற்றுள் ஒன்று. குதிரைப் பந்தயத்துக்கும் அம்பெய்யும் போட்டிக்கும் உரிய சட்டங்களை அது உரைக்கும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ ஓதிக்கொடுக்கையில் இவ்விடம் வந்ததும், “ஹஜ்ரத், நம்மிடம் குதிரையும் இல்லை, வில்லும் இல்லை, அடுத்த பாடத்துக்குப் போகலாமே” என்று எவரேனும் ஒரு மாணவர் கேளாமல் இருந்ததில்லை. நான் போவதில்லை. தோற்கப் போகிறவனின் பக்கம் நின்று நம் இமாம்கள் இத்துணை நுட்பமாகப் பேசும் இடத்தை எப்படித் தாண்டிச் செல்வது?

இப்பாடத்தைத் தனியாக வகுத்தெழுதியதில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்கு முற்பட்டவர் எவருமில்லை என்று அவர்களின் மாணவர் இமாம் முஸனீ (ரஹ்) கூறியுள்ளார்கள். இதில் வியப்பில்லை. இமாமவர்கள் இளமையிலேயே வில்வித்தையில் தோய்ந்தவர்கள்; பத்து அம்பு எய்தால் பத்தும் தைக்கும் அளவுக்குத் தேர்ந்திருந்தார்கள் என வரலாறு கூறும். கை பழகியவரின் அறிவு அவர்கள் வழிவந்த நூல்களில் வரிக்கு வரி தெரிகிறது. இலக்கின் நீளமும் அகலமும் என்ன, எவ்வளவு தொலைவு, எத்தனை அம்பு, முதலில் எய்பவர் யார், அம்பு இலக்கைத் தொட்டாற் போதுமா, துளைக்க வேண்டுமா, தைத்து நிற்க வேண்டுமா என்பவை யாவும் நூலில் உண்டு. நாண் அறுந்ததால் குறி தவறினால் அது எய்தவன்மீது தவறாக எழுதப்படாது. காற்று இலக்கைப் பெயர்த்துக்கொண்டு போய்விட, அம்பு இலக்கு இருந்த இடத்திலேயே விழுந்தால் அது அவனுக்கு வெற்றியாகவே எழுதப்படும்.

இவற்றினும் மேலாக என் உள்ளத்தைக் கவர்ந்த நிபந்தனை ஒன்றுண்டு. போட்டியிடும் ஒவ்வொருவரும் வெல்லக்கூடியவராக இருத்தல் வேண்டும் என்பதே அது. ஒரு குதிரை பின்தங்கியே தீரும் என்பது உறுதியாயின் அப்பந்தய ஒப்பந்தம் செல்லாது. என்றோ ஒருநாள் குருட்டாம்போக்கில் வெல்லலாம் என்னும் வாய்ப்பும் போதாது என விரிவுரையாளர்கள் எழுதினார்கள். முடிவு முன்னரே தெரிந்த ஓட்டத்தில் எவருடைய திறமை வெளிப்படப் போகிறது?

இதன் வேர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் செயலிலேயே இருக்கிறது. மெலியவைத்துப் பயிற்றிய குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஉவரை அவர்கள் ஓடவிட்டார்கள். பயிற்றப்படாதவற்றை ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல்வரை மட்டும் ஓடவிட்டார்கள். முன்னது ஐந்து அல்லது ஆறு மைல். பின்னது ஒரே மைல். புகாரியில் பதிவான இச்செய்தியை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் குதிரை செலுத்தியவர்களே. இரு வகைக் குதிரை, இரு வேறு ஓட்டம்! பயிற்றிய குதிரையைப் பயிற்றாததோடு ஓடவிட்டு வெற்றி முழங்குவது அங்கே இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. பொறியியல் கற்று அமெரிக்காவில் பணியாற்றுபவர் அவர். விடுமுறை நாள்களில் ஒரு மன்றத்தில் கைத்துப்பாக்கியால் இலக்குத்தாளில் சுடும் போட்டிகளில் கலந்துகொள்கிறார். வில்லுக்கு வகுத்த சட்டம் துப்பாக்கிக்குச் செல்லுமா என்ற ஐயம் வேண்டாம். ஈட்டியையும் கல்லெறிதலையும் மஞ்சனீக் பொறியையும் நவவீ (ரஹ்) அவர்கள் அம்போடு சேர்த்தே சொல்லிவிட்டார்கள்.

அந்நாட்டின் தேசிய ரைபிள் சங்கம் 1871இல் தோன்றியது. அது வகுத்த விதிப்படி, கைத்துப்பாக்கி சுடுவோர் ஐந்து தரத்தினர். பெறக்கூடிய மொத்தப் புள்ளிகளில் நூற்றுக்கு 85 எட்டாதவர் மார்க்ஸ்மன். 85 முதல் ஷார்ப்ஷூட்டர், 90 முதல் எக்ஸ்பர்ட், 95 முதல் மாஸ்டர், 97க்கு மேல் ஹை மாஸ்டர். பதிவான போட்டிகளின் சராசரியே தரத்தை முடிவு செய்யும். எல்லாரும் ஒரே களத்தில் நின்று சுட்டாலும் பரிசு தரத்துக்குத் தரம் தனி. தம் தரத்தினும் மேலான தரத்தில் போட்டியிட ஒருவர் முன்வரலாம், கீழிறங்க இயலாது. தரம் பதிவாகாத புதியவரை மாஸ்டர்களோடு சேர்த்துவிடுகிறார்கள். அறியப்படாதவனை வலியவனாகவே கொள்ளும் இந்த முன்னெச்சரிக்கையை நான் மிகவும் மெச்சினேன்.

அங்கேயே பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவோரிடம் வேறொரு முறை உண்டு. தேர்ந்தவரைப் பின்னே தள்ளி நிறுத்துவார்கள். 27 கெஜம்வரை பின்னடைய வேண்டியிருக்கும். இது எனக்கு உவப்பாயில்லை. தொடங்கும் இடமும் முடியும் இடமும் இருவருக்கும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பது குதிரைப் பந்தயத்துக்கு நம் இமாம்கள் விதித்த நிபந்தனை. வலியவனின் காலில் கல்லைக் கட்டுவதைவிட நிகரானவரை நிகரானவரோடு நிறுத்துவதே செம்மை என்பது என் எண்ணம்.

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சுடுவது 90 தோட்டாப் போட்டி. குண்டுக்கு 10 வீதம் 900 புள்ளி. அவருடைய சராசரி 805ஐத் தொட்டுவிட்டது. 810ஐ எட்டினால் எக்ஸ்பர்ட். ஷார்ப்ஷூட்டர்களில் அவரே முதல்வர். மேலே ஏறினால் கடைசி வரிசை. “நாலைந்து குண்டை ஓரமாக விட்டுவிடு, இன்னும் ஓராண்டு பரிசு வாங்கலாம்” என்றார்களாம் நண்பர்கள். அங்கே இதற்குச் ‘சாண்ட்பேகிங்’ என்று பெயரே இருக்கிறதாம். “ஹஜ்ரத், குண்டு என்னுடையது, தவறவிடுவதும் என் கைதான். இதில் யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்டார்.

நான் கித்தாபைத் திறந்தேன். இரு தலைவர்கள் மாறிமாறி ஆள் தெரிந்து அணி சேர்க்கும் இடம் அங்கே வருகிறது. சீட்டுக் குலுக்கிப் பிரித்தல் கூடாது. திறமை ஒரே பக்கம் குவிந்துவிடக்கூடும் அல்லவா? அறிமுகமற்ற ஒருவனை அம்பெய்பவன் என எண்ணிச் சேர்த்து, அவன் எய்யவே தெரியாதவன் எனத் தெரிந்தால் அவனைப் பொறுத்தவரை ஒப்பந்தம் முறியும். எதிரணியிலும் ஒருவர் குறைவார். ஆனால் எண்ணியதைவிட வலியவனாக அவன் வெளிப்பட்டால்? எதிரணியினர் முறிக்க முடியாது என்றே விரிவுரையாளர்கள் எழுதியுள்ளார்கள்.

இதை மறைக்காமல் மாணவருக்குச் சொன்னேன். ஒப்பந்தச் சட்டம் அவரைப் பிடிக்காது. ஆனால் அந்தப் புதியவன் எவரையும் ஏமாற்றவில்லை. அவனைக் குறைத்து மதித்தது பிறர். இவரோ தம் கையாலேயே தம்மைக் குறைத்து எழுதிக்கொடுக்க நினைக்கிறார். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் (ஸல்) அவர்கள் கையைவிட்டு ஈரத்தைக் கண்டறிந்து வணிகரைக் கண்டித்த செய்தி முஸ்லிமில் உண்டு. வணிகர் நல்லதை மேலே வைத்துத் தாழ்ந்ததை மறைத்தார். இவர் தாழ்ந்ததை மேலே வைத்து நல்லதை மறைக்கிறார். மேலே ஒன்று, உள்ளே ஒன்று என்பதில் இரண்டும் ஒன்றே.

“தம்பி, உமக்கு அடுத்து நிற்பவர் யார்?” என்று கேட்டேன். அறுபதைக் கடந்த ஒரு முதியவர் என்றார். கை நடுங்குமாம், எக்ஸ்பர்ட் ஆகும் காலம் அவருக்கு இனி இல்லை. “அப்படியானால் நட்டம் யாருக்கு என்பது உமக்கே தெரியுமே” என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

அஸ்லம் கிளையினர் இரு பிரிவாய் அம்பெய்துகொண்டிருக்க, தாம் ஒரு பிரிவோடு இருப்பதாக நபிகள் (ஸல்) அவர்கள் கூறியதும் மறு பிரிவினர் கைகளை நிறுத்திக்கொண்ட செய்தி அப்போது என் நினைவில் ஓடியது. தாங்கள் அப்பிரிவோடு இருக்கையில் நாங்கள் எவ்வாறு எய்வோம் என்றார்கள். எய்யுங்கள், நான் உங்கள் அனைவரோடும் இருக்கிறேன் என்றார்கள் நபியவர்கள். அதன் பின்னரே போட்டி தொடர்ந்தது. இதையும் அவருக்குச் சொன்னேன்.

அடுத்த போட்டியில் அவர் 817 எடுத்தார். சில மாதங்களில் எக்ஸ்பர்ட் ஆனார். அவ்வாண்டு அந்தத் தரத்தில் பதினொருவரில் பத்தாவதாக வந்தார். ஷார்ப்ஷூட்டர் பரிசு முதியவருக்குப் போயிற்றா என்று கேட்டேன். இல்லையாம், கீழிருந்து ஏறிவந்த பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி வாங்கிச் சென்றாளாம். முதியவர் இரண்டாவது.

இப்போது இன்னொரு கேள்வி அனுப்பியிருக்கிறார். பரிசுத்தொகை போட்டியாளர் எல்லாரும் கட்டும் நுழைவுக் கட்டணத்திலிருந்து வருகிறது, அது ஆகுமா? வெளியார் ஒருவர் பரிசளித்தால் சிக்கலில்லை. போட்டியாளர் இருவரும் பணம் வைத்தால், பணம் வைக்காத மூன்றாமவர் ஒருவர் புகுந்தாலன்றி அது சூதாகும். அந்த மூன்றாமவரின் குதிரையும் மற்ற இரண்டுக்கும் நிகராக இருக்க வேண்டும் என்று இங்கேயும் அதே நிபந்தனை தலைகாட்டுகிறது. கட்டணத்தில் திடலுக்கும் இலக்குத்தாளுக்கும் போவது எவ்வளவு, பரிசுக்குப் போவது எவ்வளவு என்று மன்றத்தில் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். எக்ஸ்பர்ட் ஆவதற்கு முந்திய ஆண்டு வாங்கிய பரிசு உறையொன்று அவரிடம் இருக்கிறதாம். விவரம் வரும்வரை அது பிரிக்கப்படாமல் மேசையில் இருக்கட்டும் என்றேன்.