பகைவனுக்குக் கட்டிய ராக்கி

பிழைப்பு நாடி வடபுலம் வந்தவர்கள் நாம். கேரளத்துப் புல்லுவழியில் 1954-இல் பிறந்த அருட்சகோதரி ராணி மரியாவோ பிறர் வாழ்வு நாடி வந்தவர். மத்தியப் பிரதேசத்து உதயநகர்ப் பகுதியில், பழங்குடி மக்கள் வட்டிக்காரர் பிடியிலிருந்து மீளத் துணைநின்றார். ஆதிக்கக்காரரின் பகை மூண்டது. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குச் சென்ற பேருந்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்.

அவர்தம் தங்கை செல்மி பாலும் துறவியே. 2002-இல் அவர் சிறைக்குச் சென்று, கொன்றவன் கையிலேயே ராக்கி கட்டி, அவனை உடன்பிறந்தானாக ஏற்றார். 2017-இல் இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பெற்றது.

ராக்கித் திருநாளை அயலார் பண்டிகையென்று ஒதுங்கி நின்றே பார்த்துவந்தோம். அற்பக் காரணத்தால் அண்டை வீட்டாரோடு ஓராண்டு பேசாதும் இருந்தோம். இவ்வாண்டு அத்திருநாளில், நாமே சென்று அவர்கள் கதவைத் தட்டினோம்.