டிரைவர் சாமி தூங்கட்டும்

கார்த்திகை பிறந்துவிட்டால் வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்குள்ளும், கம்பம் வழியாக இடுக்கி மலைகளுக்குள்ளும் நுழையும் தமிழ்நாட்டு வேன்களுக்குக் கணக்கில்லை. முகப்பில் ஐயப்பன் படம், சாமந்தி மாலை, இரு பக்கமும் வாழைக்கன்று. உள்ளே பதினைந்து, இருபது பேர். கூரை மேல் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை. மூன்று நான்கு நாட்களுக்கு அந்த வண்டிதான் வீடு.

மேல்நாடுகளில் படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டிகளில் கூட்டமாக ஊர் சுற்றுகிறவர்கள் சங்கம் அமைத்து, நடத்தை விதிகளை அச்சடித்து வைத்துக்கொள்கிறார்கள். சபரிமலைக் குழுக்களிடம் அச்சடித்த விதி எதுவும் இல்லை. ஆனால் விதி தெரியாதவர் யாரும் வண்டியில் இல்லை.

முதல் விதி, கூப்பிடும் முறை. மாலை போட்ட நாளிலிருந்து சொந்தப் பெயர் போய்விடுகிறது. ஆண்கள் சாமி, பெண்கள் மாளிகைப்புறம், சிறுவன் மணிகண்டன். மில் முதலாளியும் அவரிடம் மூட்டை தூக்குகிறவரும் ஒருவரையொருவர் சாமி என்றுதான் அழைக்க வேண்டும். சன்னிதானத்தின் முகப்பில் எழுதியிருக்கும் ‘தத்வமஸி’க்கு, அதாவது ‘நீயே அது’ என்பதற்கு, வேனுக்குள் கிடைக்கும் எளிய உரை இது. மூப்பும் வயதைப் பொறுத்ததல்ல, மலை ஏறிய எண்ணிக்கையைப் பொறுத்தது. ஓய்வுபெற்ற அதிகாரி கன்னிசாமியாகக் குனிந்து நிற்க, பாதி வயதுள்ள பெயின்டர் குருசாமியாக அவர் தலையில் இருமுடியை ஏற்றிவைப்பதுண்டு. காலை மிதித்தால் மன்னிப்பு, தண்ணீர் கொடுத்தால் நன்றி, எதிரே வந்தால் வணக்கம் — எல்லாவற்றுக்கும் ‘சாமி சரணம்’ போதும்.

மற்ற விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறும். கிளம்பும்போது ‘போய் வருகிறேன்’ சொல்வதில்லை. வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வண்டி ஏற வேண்டும். இருமுடியை வெறும் தரையில் வைக்கக் கூடாது. சமைக்கிறவர் முதலில் குளிக்க வேண்டும். பொதுப் பணம் ஒருவர் கையில். ஊர் திரும்பியதும் எல்லோர் முன்பும் கணக்கு வாசிக்க வேண்டும்.

இவை பக்திக்காக மட்டும் வந்தவை அல்ல. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை என்று காட்டுக்குள் நடந்தே போன காலத்தில் வழி தெரிந்தவர் சொல் கேட்பது உயிர்ப் பிரச்சினை. கூட்டத்தைப் பிரிந்தவர் திரும்பாமலே போகலாம். இன்று பெரும்பாலானோருக்கு அந்தக் காடு பம்பையிலிருந்து ஏறும் சில கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. ஆபத்து தார்ச் சாலைக்கு இடம் மாறிவிட்டது. வழி தெரிந்தவர் இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்.

அவரையும் எல்லோரும் சாமி என்றுதான் அழைக்கிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு பல குழுக்களில் அவர் மறக்கப்பட்டுவிடுகிறார். மாலையில் கட்டு நிறைத்து இரவில் கிளம்பினால் மற்றவர்கள் தூங்கலாம். அவர் தூங்க முடியாது. நிலக்கல்லில் மற்றவர்கள் இறங்கி மலைக்குப் போன பிறகு, வெயிலில் காயும் வண்டிக்குள் அவர் கண் அயர வேண்டும். வந்தவர்கள் உடனே கிளம்பச் சொல்வார்கள். போகிற வழியில் சோட்டானிக்கரை, குருவாயூர், முடிந்தால் பழனி. திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று விதித்தது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான். ஒற்றை வேனை வைத்துப் பிழைக்கிறவரை அது எட்டவில்லை. சட்டம் எட்டாத இடத்தில் வழக்கம்தான் காவல்.

பழைய வழக்கங்களில் ஓய்வும் ஒளிந்திருந்தது. பாலக்காடு தாண்டி, திருச்சூர் சாலையில் குதிரான் மலை ஏறும் வண்டிகள் அங்குள்ள சாஸ்தா கோயிலுக்குக் காணிக்கை போட்டுவிட்டுப் போகும். அந்தச் சாக்கில் இன்ஜினும் ஆளும் ஆறலாம். 2021இல் சுரங்கச் சாலை திறந்தது. நேரம் மிச்சம், நிற்பதற்கான காரணமும் போயிற்று.

இடுக்கிப் பக்கம் இன்னும் கடினம். நெரிசல் நாட்களில் தேனியிலிருந்து போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, திரும்புகிறவற்றைக் குமுளி வழியாக இறக்குகிறார்கள். அலுத்துக் களைத்தவர்களுக்குக் கிடைப்பது இறக்கம். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய தேனி மாவட்டப் பக்தர்களின் வண்டி அந்தக் குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்தது. 8 பேர் இறந்தார்கள்.

நல்ல குருசாமிகள் புது விதிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். முன் இருக்கையில் தானே உட்கார்ந்து, தூங்காமல் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்து வருகிறவர் உண்டு. நள்ளிரவிலிருந்து விடியும்வரை வண்டியை ஓரங்கட்டச் செய்கிறவர் உண்டு. முதல் இலையை டிரைவருக்குப் போடுகிறார்கள். நிலக்கல்லில் ஒருவர் தங்கி வண்டியைப் பார்த்துக்கொள்ள, அவர் நிழலில் பாய் விரித்துப் படுக்கிறார். மலையில் இறங்கும்போது ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், நியூட்ரலில் விடக் கூடாது, ‘அந்த வண்டியை முந்துங்க சாமி’ என்று பின்னாலிருந்து யாரும் குரல் கொடுக்கக் கூடாது. கடைசி விதியைக் காப்பாற்றுவது கன்னிசாமிகளுக்குத்தான் மிகவும் சிரமம்.

இரண்டாவது டிரைவரை வைத்துக்கொள்ளும் குழுக்கள் மட்டும் இன்னும் குறைவு. ஓர் இருக்கை போய்விடும், பேட்டா வேறு என்று கணக்குப் பார்க்கிறார்கள். பதினெட்டுப் பேருக்குப் பிரித்தால் அது ஆளுக்கு ஒரு வேளை டிபன் காசுதான். கட்டு நிறைக்கும் அன்றே அதை முடிவு செய்துவிட வேண்டும். குமுளி இறக்கத்தில் அதற்கு நேரம் இருக்காது.