முதற்படியின் தூய்மை

முதற்கோணல் முற்றும் கோணல் என்பது முன்னோர் மொழி. கித்தாரின் ஒலியைப் பெருக்கும் மின்கருவிக்கும் அது பொருந்துகிறது.

கித்தார்க் கம்பியின் அதிர்வு அக்கருவிக்குள் மிக நுண்ணிய மின்குறியாகவே நுழைகிறது. முதல் வால்வு அதனைப் பன்மடங்காக்குகிறது. அடுத்தடுத்த படிகள் மேலும் பெருக்குகின்றன. முதற்படியில் இரைச்சல் கலந்துவிட்டால் இசையோடு அதுவும் வளரும். கலைஞன் வாசிக்காது நிற்கும் வேளையிலும் ‘உஸ்’ எனச் சீறும்.

அவ்விரைச்சலின் பிறப்பிடங்களுள் ஒன்று மின்தடையம். அதனுள் மின்னணுக்கள் வெப்பத்தால் ஓயாது அலைகின்றன. அதனால் எழும் இரைச்சலை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான்சன் அளந்து 1928இல் வெளியிட்டார். நைக்விஸ்ட் அதே ஆண்டில் விளக்கம் தந்தார். ஒரே வெப்பநிலையில், ஒரே ஓம் அளவுள்ள எல்லாத் தடையங்களிலும் இது சமமே. விலையுயர்ந்த பொருளும் இதனைக் குறைக்காது. மற்றோர் இரைச்சல், தடையம் மின்னழுத்தத்தைத் தாங்கும்போது எழுவது. இது பொருளுக்கேற்ப மாறும். கரித்தூளைப் பிணைப்பொருளோடு கலந்து செய்த பழைய வகையில் மிகுதி, கரிப்படலத்தில் குறைவு, உலோகப்படலத்தில் மிகக் குறைவு.

கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950களில் செய்த பெருக்கிகளில் கரிக்கலவைத் தடையங்களே இருந்தன. அவற்றைச் செப்பனிடுவோருள் சிலர் எல்லாவற்றையும் பிடுங்கி எறிவர். வேறு சிலரோ பழைய ஓசையின் இனிமை கரியில்தான் உள்ளதென்று ஒன்றையும் தொடவிடார். இரு சாராரும் பொருளை நோக்கினரேயன்றி இடத்தை நோக்கினாரல்லர்.

முதல் வால்வின் நேர்மின்வாயோடு இணைந்த 100 கிலோ ஓம் தடையம் ஏறத்தாழ 100 வோல்ட்டைத் தாங்குகிறது. அங்கே உலோகப்படலத் தடையம் வைத்தால் பெரும்பயன் உண்டு. நுழைவாயிலிலுள்ள 68 கிலோ ஓம் தடையத்திலோ நேர்மின்னழுத்தம் இல்லையென்றே கூறலாம். பொருளை மாற்றுவதால் அங்கே பயன் சிறிது. பிந்திய படிகளில் இசைக்குறி முன்பே வலுப்பெற்றுவிடுவதால், சிறு இரைச்சல் அதனுள் அடங்கிவிடும். ஆதலின் அங்குள்ள பழைய தடையங்கள் பழுதின்றி இருப்பின் அப்படியே இருக்கட்டும். கருவியின் பழைய குரலும் காக்கப்படும், பொருட்செலவும் மிஞ்சும்.

தேர்ந்த ஆசிரியரைத் தேர்வு வகுப்புக்கே ஒதுக்கி, முதலாம் ஆண்டை எவரிடமேனும் ஒப்படைக்கும் பள்ளிகளும் எண்ணிப் பார்த்தற்குரிய செய்தி இது.