அம்மாவும் தொடுதிரையும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. நெடுநாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த ஒன்றை இன்று எழுதிவிடலாம் என்று அமர்ந்திருக்கிறேன். தள்ளிப் போட்டதற்குக் காரணம் உண்டு. இதில் என் தவறு ஒன்று இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் புதிய கருவி எது வந்தாலும் அதற்கு முதலில் பழகியவர் அம்மாதான். அப்பாவுக்கு வானொலியோடு சரி. 1986-ஆம் ஆண்டு, நாங்கள் தோட்டத்து லயத்தில் குடியிருந்தபோது, தவணை முறையில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கியவரும் அம்மாதான். மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு 1978-லேயே தொடங்கிவிட்டது. எங்கள் லயத்திற்கு மட்டும் உலகம் இன்னும் சில ஆண்டுகள் கறுப்பு வெள்ளையாகவே இருந்தது! நான்கு கால்களும் இழுத்து மூடும் கதவும் கொண்ட பெட்டி அது. அதுவரை கிராணியார் வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று படம் பார்த்த பிள்ளைகள் நாங்கள். அதன் பிறகு எங்கள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் நின்றார்கள். அம்மா அவர்களை உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிடுவார்.

தோட்டத்து மின்னாக்கி மாலையில்தான் ஓடும். ஆர்.டி.எம். இரண்டாவது அலைவரிசையில் தமிழ்ப் படம் வருகிற நாளில் பாதிப் படத்தில் திரை முழுவதும் புள்ளி புள்ளியாகிவிடும். அம்மா உடனே வெளியே ஓடி, கழியில் கட்டியிருக்கும் அலைவாங்கியைத் திருப்புவார். "இப்ப தெரியுதா? இப்ப?" என்று அவர் கேட்க, "கொஞ்சம் தெரியுது, இன்னும் கொஞ்சம்!" என்று லயமே சேர்ந்து கத்தும். விடிவதற்கு முன்பே வெட்டுக்காட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டிவிட்டு வந்த கைகள் அவை.

பிறகு ஒளிநாடா வந்தது. அதன் பிறகு பசார் மாலாமில் விற்ற குறுவட்டுகள் வந்தன. 1996-இல் ஆஸ்ட்ரோ தொடங்கி, சில ஆண்டுகளில் எங்கள் தாமான் வீட்டுக் கூரையிலும் அந்த வட்டு ஏறியது. கையேட்டைப் புரட்டிக்கொண்டு நான் விழித்துக் கொண்டிருந்த நேரத்தில், தொலையியக்கியின் எந்தப் பொத்தான் எதற்கு என்று அம்மா ஒவ்வொன்றாக அழுத்திக் கண்டுபிடித்துவிட்டார். ஆங்கிலம் தெரியாது. பொத்தானின் இடத்தையும் நிறத்தையும் மனத்தில் வைத்துக்கொள்வார்.

கைத்தொலைபேசியும் அப்படித்தான். 2001-ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது, உதவித் தொகையில் மிச்சம் பிடித்து நோக்கியா 3310 ஒன்று வாங்கினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அது அம்மாவிடம் போனது. '2' என்ற பொத்தானை அழுத்திப் பிடித்தால் நான், '3' என்றால் தம்பி. ஒரே நாளில் கற்றுக்கொண்டார். (குறுஞ்செய்தி மட்டும் கைகூடவில்லை. அப்போது நாங்கள் தமிழை ரோமன் எழுத்தில் அல்லவா அனுப்பிக் கொண்டிருந்தோம்! 2005-இல் செல்லினம் வந்து, கைத்தொலைபேசியில் தமிழ் எழுத்தையே பார்த்தபோது, "இத மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவருடைய பழைய கருவியில் அது இயங்கவில்லை என்பது வேறு கதை.)

இதையெல்லாம் எதற்காகச் சொல்கிறேன் என்றால், அம்மா கற்பதில் மெதுவானவர் அல்லர் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுச் சான்று என் கண்முன்னே இருந்தது.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த தம்பி, வேலையை இழக்க மனமில்லாமல் அக்கரையிலேயே தங்கிவிட்டான். இரண்டு வாரம் என்றார்கள். அது நீண்டுகொண்டே போனது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டதால், அவருக்கு ஒரு திறன்பேசி வாங்கினேன். நம் ஆசிரியர்கள் புலனம் என்று எழுதும் வாட்ஸ்அப்பை அதில் பொருத்தி, தம்பியின் படத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். நான் வீட்டில் இருந்தவரை அழைப்பு வந்தால் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஆகையால் எதுவும் தெரியவில்லை.

ஜூலையில் பள்ளி மீண்டும் திறந்தது. தம்பிக்கு மதிய உணவு இடைவேளை ஒரு மணிக்கு. அப்போது அம்மா மட்டும்தான் வீட்டில் இருப்பார். நான் திரும்பி வந்து பார்த்தால், ஏற்கப்படாத அழைப்புகள் வரிசையாகக் கிடக்கும். ஒரு நாள் மூன்று, மறுநாள் ஐந்து.

திரையில் பச்சை நிறத்தை மேலே தள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்வதைப் போலவே, மணிலா அட்டையில் பெரிய பச்சை வட்டமும் அம்புக்குறியும் வரைந்து காட்டினேன். அட்டையின் மேல் அம்மா சரியாகவே விரலை இழுத்தார். கருவியில் மட்டும் பத்து முறைக்கு ஒரு முறை கூடத் திறக்கவில்லை. "லேசாத் தொடுங்கம்மா" என்றேன். லேசாகத் தொட்டார். "கொஞ்சம் அழுத்தி" என்றேன். அழுத்தினார். வாரங்கள் ஓடின.

ஒரு நாள் தம்பியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. "அக்கா, அம்மாவுக்கு எம்மேல ஏதும் கோவமா? நான் வரலன்னு நெனைக்கிறாங்களா?"

அன்று பள்ளியில் வேலைச் சுமை. களைப்போடு வீட்டுக்கு வந்து, அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்: "எத்தன தடவதாம்மா சொல்றது? எங்கிட்ட படிக்கிற ஏழு வயசுப் புள்ளைங்க செய்யுதுங்க. நீங்க மனசு வச்சுப் பாக்கறதே இல்ல."

அம்மா மறுமொழி சொல்லவில்லை. கருவியை மேசைமேல் வைத்தார். அதற்கு முன் அதன் திரையைச் சேலைத் தலைப்பால் ஒரு முறை துடைத்தார். "தள்ளத்தான் தள்ளுறேன். அது போவ மாட்டேங்குது. எனக்கு இனிமே வராதும்மா, வயசாயிடுச்சு. அந்தப் பழய போனையே குடுத்துடு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். பழைய கருவியில் தம்பியின் குரல்தான் வரும். முகம் வராது. அது தெரிந்துதான் கேட்டார்.

செப்டம்பரில் ஒரு நாள் வெங்காயம் நறுக்கும்போது வலக்கை ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டு பிளாஸ்டர் ஒட்டியிருந்தேன். மறுநாள் ஆசிரியர் அறையில், அதே விரலால் என் திறன்பேசியைத் திறக்க முயன்றேன். திறக்கவில்லை. மீண்டும் தொட்டேன். அழுத்தினேன். எரிச்சல் வந்தது. பக்கத்தில் இருந்த அறிவியல் ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "டீச்சர், அது அழுத்துறத பாக்காது. உங்க விரல்ல இருக்கிற மின்தன்மையத்தான் பாக்கும். நடுவுல துணி இருந்தா எப்படித் தெரியும்?" என்றார்.

கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய மின்கடத்திகள் கட்டம் கட்டமாக இருக்கின்றனவாம். நீரும் உப்பும் நிறைந்த நம் விரல் அருகில் வந்ததும் அங்குள்ள மின்புலம் சற்றே மாறும். கருவி அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறது. இடையில் ஏதேனும் தடிப்பாக இருந்தால் மாற்றம் போதாது. பிளாஸ்டர், கையுறை, அல்லது காய்ந்து தடித்துப்போன தோல் என்றார் அவர்.

காய்ந்து தடித்துப்போன தோல்!

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அலுவலக முகப்பில் அடையாள அட்டைக்கு அம்மாவின் கட்டைவிரல் ரேகையைப் பதியச் சொன்னார்கள். கருவி ஏற்கவே இல்லை. அங்கிருந்த பெண் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "பால்வெட்டுற கையில ரேகை எங்கம்மா இருக்கு" என்று அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு மறந்தும்விட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். எத்தனையோ முறை பிடித்த கைதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டும் கத்தியைப் பிடித்த வலக்கை. ஆள்காட்டி விரலின் நுனி, காய்ந்த மரப்பட்டையைப் போல் இருந்தது. பொத்தானை அழுத்த அந்த விரலுக்கு வலு இருந்தது. கண்ணாடிக்கு மட்டும் அந்த விரல் அங்கே இருப்பதே தெரியவில்லை.

கடையில் திரைக்கு மேல் ஒட்டிக் கொடுத்த கூடுதல் கண்ணாடியை உரித்து எடுத்தேன். அமைப்புகளுக்குள் போய்த் தொடு உணர்திறனைக் கூட்டினேன். பிறகு ஒவ்வொரு விரலாக, விரலின் ஒவ்வொரு பக்கமாகச் சோதித்துப் பார்த்தோம். கட்டைவிரலின் பக்கவாட்டில், நகத்தை ஒட்டிய இடம் மென்மையாக இருந்தது. அதைச் சற்றே ஈரமாக்கித் தள்ளினால் திரை நகர்ந்தது. அம்மா நான்கைந்து முறை தள்ளிப் பார்த்தார். "அப்ப, எனக்குத் தெரியாம இல்ல" என்றார். எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. மன்னிப்புக் கேட்டது அன்று இரவுதான். "அத விடு, சாப்பிடு" என்று முடித்துவிட்டார்.

அந்த ஆண்டு நவம்பரில் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டு, இயங்கலை வகுப்புகள் தொடங்கின. நான் அனுப்பிய இயங்கலைப் புதிர்களில் ஒரு மாணவன் 'ஈ' என்ற விடையை ஒருபோதும் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய நானாக இருந்தால் 'கவனக் குறைவு' என்று எழுதியிருப்பேன். எழுதாமல் அவனுடைய தாயாரை அழைத்தேன். "எங்க போனு கீழ விழுந்து அடிப்பக்கம் வெடிச்சிருக்கு டீச்சர். அந்த எடத்துல தொட்டா வேல செய்யாது" என்றார். நான்காவது விடை எப்போதும் திரையின் அடியில்தான் வரும். அதற்கு முந்திய புதிர்களையும் எடுத்து அவனுக்கு வாய்மொழியாகவே மீண்டும் நடத்தினேன். இதற்கு முன் எத்தனை பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன் என்று கணக்குப் பார்க்கத் துணிவில்லை.

எல்லை 2022 ஏப்ரல் முதல் நாள் முழுமையாகத் திறந்தது. தம்பி அந்த வாரமே வந்துவிட்டான். இப்போது பழையபடி பாலத்தைக் கடந்து போய் வருகிறான். ஆனாலும் ஒரு மணி அழைப்பை அவன் நிறுத்தவில்லை.

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வட்டக் கிண்ணம் இருக்கிறது. அஞ்சல் தலை ஒட்டுவதற்காக அலுவலகங்களில் வைத்திருப்பார்களே, ஈரப் பஞ்சு, அதுதான். அம்மா காலையில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதிலும் சில சொட்டு விடுவார். போன விடுமுறையில் நான் வீட்டில் இருந்த ஒரு நாள், மணி ஒன்று அடித்ததும் அழைப்பு வந்தது. நான் எழுந்தேன். அம்மா கையை உயர்த்தி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கட்டைவிரலைப் பஞ்சில் ஒரு முறை ஒற்றிக்கொண்டார்.

"இருடா, வரேன்" என்று, இன்னும் திறக்காத திரையைப் பார்த்துச் சொன்னார்.