பெயர்ச்சீட்டில் பாதிப் பெயர்

ஒஸ்லோவில் நம்மவர் வீடுகளில் யன்னலோரத்துக் கறிவேப்பிலைக்குத் தனி மரியாதை உண்டு. அதன் ஈரமண்ணில் குளிர்காலம் முழுக்கச் சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் பெருகும். மருந்தடித்தால் பிறகு அந்த இலையைக் கறிக்குள் போட மனம் வராது. பூக்கடையில் இதைச் சொன்னபோது, அங்கு நின்ற பெண் ஒரு சிறு பூச்சாடியை எடுத்துத் தந்தார். மண்ணோடு படிந்து வட்டமாக அடுக்கிய வெளிர்பச்சை இலைகள். தொட்டால் விரலில் பசை. பெயர்ச்சீட்டில் ‘பிங்குவிக்குலா’ என்று மட்டும் இருந்தது. அது பேரினத்தின் பெயர். அதற்குள் ஏறத்தாழ நூறு இனங்கள் அடக்கம். ‘யாழ்ப்பாணத்து ஆள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒருவரைத் தேடச் சொல்வது மாதிரி.

பூச்சி பிடிப்பதில் குறை சொல்ல இடமில்லை. இலையின் மேற்பரப்பில் இரண்டு வகைச் சுரப்பிகள்: காம்புள்ளவை பசைத்துளியை ஏந்தி நிற்கும், காம்பில்லாதவை பூச்சி ஒட்டியபின் செரிக்கும் நீரைச் சுரக்கும். சில நாளில் மிஞ்சுவது இறகும் கூடும்தான். ஆனால் இது எந்த ஊர்ச் செடி, எப்படி வளர்ப்பது? மாடிவீட்டு நோர்வேஜியப் பெரியவர் பார்த்ததுமே, “இது எங்கள் மலையில் வளரும் தெத்தெகிராஸ்” என்றார்.

அந்தக் கோடையில் வால்ட்ரெஸ் மலைப்பக்கம் போனபோது தெத்தெகிராஸைத் தேடினேன். பாறையிலிருந்து நீர் கசியும் இடமெல்லாம் அதுதான். நட்சத்திரமீன் வடிவில் மஞ்சள்பச்சை இலைகள், நடுவே மெல்லிய தண்டில் ஒற்றை ஊதாப்பூ. குனிந்து பார்த்தால் இலைவிளிம்பு உள்நோக்கிச் சுருண்டிருந்தது. பசையில் கொசுவைவிடச் சிறிய பூச்சிகளோடு பைன் மரத்து மகரந்தமும் மஞ்சள் பொடியாக ஒட்டியிருந்தது. டார்வினுக்கு இந்த மகரந்தம் முக்கியமாகப் பட்டது. கம்பர்லாந்து மலைகளில் இந்த இலைகளில் பூச்சிகள் ஒட்டிக் கிடக்கின்றன என்று மார்ஷல் என்பவர் சொன்ன பிறகுதான் அவர் இச்செடியை ஆராயத் தொடங்கினார். வேல்ஸிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய 39 இலைகளில் 32 இலைகள் பூச்சி பிடித்திருந்தன. எண்ணிப் பார்த்தால் 142 பூச்சிகள். பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி 1875இல் வெளியிட்ட நூலில், இந்தச் செடி மகரந்தத்தையும் விதையையும்கூடச் செரிக்கிறது என்று எழுதினார். முழுச் சைவமுமில்லை, முழு அசைவமுமில்லை.

தெத்தெகிராஸ் இலையைப் போட்டால் பால் தடிக்கும் என்று மாடிவீட்டுப் பெரியவர் சொன்ன கதையும் பொய்யில்லை. தாவரவியலாளர் லின்னேயஸ் 1737இல் வெளியிட்ட ‘ஃப்ளோரா லாப்போனிக்கா’வில் அதன் செய்முறை இருக்கிறது. புது இலைகளை வடிகட்டியில் பரப்பி, கறந்த சூட்டோடு பாலை ஊற்றி, ஓரிரு நாள் வைத்தால் பால் தடிக்கும். அதன்பின் இலை வேண்டாம், அந்தப் பாலில் அரைக்கரண்டியே அடுத்த பாலுக்கு உறை. இழையிழையாக நீளும் அந்தத் தடிப்பு பாக்டீரியாவின் வேலை என்று பின்வந்தவர்கள் கண்டார்கள். இலைக்கு அதில் பங்கு உண்டா என்பது இன்னும் வழக்கு. ரோரோஸ் பக்கத்துத் தடித்த பால் இன்றும் கடையில் கிடைக்கிறது. அம்மா ஒருவாய் குடித்துவிட்டு, “இது பாலுமில்லை, தயிருமில்லை” என்று வைத்துவிட்டார்.

ஆனால் என் யன்னலில் இருப்பது தெத்தெகிராஸ் இல்லை என்று குளிர்காலம் சொல்லிவிட்டது. தெத்தெகிராஸ் குளிர் வந்ததும் இலை, வேர் எல்லாம் விட்டு ஒரு பச்சைமொட்டாக ஒடுங்கி உறங்கும். என்னுடையதோ பசையில்லாத குட்டையான தடித்த இலைகளை நெருக்கமாக விட்டது. இது மெக்சிக்கோ இனங்களின் குணம். பிங்குவிக்குலாவில் ஏறத்தாழப் பாதி இனங்கள் அந்த நாட்டில்தான். அங்கே குளிர்காலம் என்றால் வறட்சி; பூச்சிக்குப் பசை சுரப்பதைவிட நீரைச் சேமிப்பதே புத்தி.

அங்கிருந்து தேடல் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட்டிடம் போய் நின்றது. அவரும் அவரது பயணத் தோழர் போன்ப்ளானும் 1799 முதல் 1804 வரை செய்த பயணத்தில், மெக்சிக்கோவின் இன்றைய ஹிடால்கோ மாநிலத்தில் மொரான் சுரங்கத்தின் அருகே ஒரு பிங்குவிக்குலாவைச் சேகரித்தார்கள். 1817இல் அது ‘பிங்குவிக்குலா மொரானென்சிஸ்’ என்று பதிவானது. என் செடி பூத்தபோது ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஐந்து இதழ், பின்னால் நீண்ட வால், வெண்மையான நடுப்பகுதியைச் சுற்றிக் கருநரம்பு வலை. மொரானென்சிஸையும் ஏலர்சியே என்ற இன்னொரு பிங்குவிக்குலாவையும் சேர்த்து உண்டாக்கிய ‘வேசர்’ என்ற கலப்புக்கு இந்த நரம்பு வலைதான் அடையாளம். அதே பெற்றோருக்குப் பிறந்த ‘சேத்தோஸ்’ பூவில் நடுவே வெள்ளை நட்சத்திரம் தெளிவாக நிற்கும். பூக்காத காலத்தில் இரண்டையும் பிரித்தறிய முயல்வது வீண்வேலை. ஆக, என் செடி எந்த மலையிலும் முளைத்ததல்ல. கண்ணாடிக் கூடத்துப் பிள்ளை.

பெற்றோர் யாரென்று தெரிந்தபின் வளர்ப்பு சுலபம். பெர்லைட்டும் மணலும் கூடுதலாக, பீட் கொஞ்சமாக. தொட்டிமண்ணும் உரமும் வேண்டவே வேண்டாம். கோடையில் அடித்தட்டில் கொஞ்சம் நீர் நிற்கலாம். குட்டை இலை விடத் தொடங்கியதும் தட்டைக் காயவிட்டு, மண் முழுக்கக் காயாதபடி மட்டும் பார்த்தால் போதும். அப்போதும் ஊற்றினால் நடுக்குருத்து அழுகும். ஒஸ்லோ குழாய்நீர் மென்மையானது, அதையே ஊற்றுகிறேன். கேத்தலில் வெள்ளைப் படிவு விடும் நீர் என்றால் மழைநீர் நல்லது. வெளிச்சம் நிறைய வேண்டும்.

குளிர்காலத்து இலையை அடியோடு மெல்லக் கழற்றி ஈரமணலில் கிடத்தினால் அதன் அடியிலிருந்து குஞ்சுச்செடி முளைக்கும். அப்படி ஒரு இலையை நண்பருக்குக் கொடுக்கும்போது, அறிந்த பெயரைச் சீட்டில் முழுதாக எழுதிக் கொடுங்கள். சந்தேகமென்றால் ‘வேசராக இருக்கலாம்’ என்றே எழுதுங்கள். மலையில் தெத்தெகிராஸைக் கண்டால் தோண்டி எடுத்து வராதீர்கள். குளிர் உறக்கம் கிடைக்காத சூடான அறையில் அது பிழைக்காது.